கேட்கக் கற்ற போதகர்: பேயர்ஸ் நோடேயின் வரலாறு

தென்னாப்பிரிக்கா என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுபவை காந்தியின் பெயரும் தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும்தான். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளில் தமிழர் பெருந்தொகையினர். ஆதலால் அந்நாட்டின் நிறவெறி வரலாற்றை நாம் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றே வாசித்து வந்திருக்கிறோம். அது நியாயமானதும்கூட. ஆனால் சில ஆண்டுகளாக வேறொரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. அநீதியால் பயன் பெற்றுக்கொண்டிருந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது? ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று, பிறரிடம் அன்பு செலுத்துமாறு கற்பிக்கும் வேதத்தை வாசித்து, திங்களன்று தம் வீட்டுப் பணியாளரைக் கொல்லைப்புற அறைக்கு அனுப்பிய அந்த மக்களில் எவருக்கேனும் காது திறந்ததா? திறந்ததென்றால் எப்படி, என்ன விலையில்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகையில் எதிர்ப்படும் மனிதர்களுள் முதன்மையானவர் பேயர்ஸ் நோடே.

*

கிறிஸ்டியான் ஃபிரெடரிக் பேயர்ஸ் நோடே 1915 மே 10 அன்று டிரான்ஸ்வாலின் ரூடபூர்ட் நகரில் பிறந்தார். தந்தை யோசுவா நோடே டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டவர். தோல்விக்குப் பின்னும் சரணடைவதை மனத்தால் ஏற்காதவர். தம் படைத்தலைவர் பேயர்ஸின் பெயரையே மகனுக்குச் சூட்டினார்.

அந்த யுத்தத்தின் நினைவு ஆப்பிரிக்கானர் இல்லங்களில் எத்தகையது என்பதைச் சொல்லாமல் நோடேயைப் புரிந்துகொள்ள இயலாது. ஆங்கிலேயர் போயர்களின் பண்ணைகளைத் தீயிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தனர். நோயாலும் பட்டினியாலும் சுமார் 26,000 பேர் அம்முகாம்களில் மாண்டனர். கறுப்பின மக்களுக்கெனத் தனி முகாம்கள் இருந்தன. அங்கும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆனால் அந்தச் சாவுகளை ஆப்பிரிக்கானர் நினைவு எண்ணிக்கையில் சேர்க்கவேயில்லை. தம் துயரத்தை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும் சமூகம் பிறர் துயரத்தைக் காண முடியாததாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தோற்றுப்போன இனத்தின் மொழியையும் மானத்தையும் காப்பதற்கென 1918இல் தொடங்கப்பட்ட அமைப்பு பின்னர் 'ப்ரூடர்போண்ட்', அதாவது சகோதரர் சங்கம், எனப் பெயர் பெற்றது. நோடேயின் தந்தை அதன் நிறுவனர்களுள் ஒருவர். முதல் தலைவரும் அவரே. சில ஆண்டுகளில் அது இரகசியச் சங்கமாக மாறியது. அரசு, பள்ளி, திருச்சபை ஆகிய மூன்றையும் திரைமறைவில் இயக்கும் வலிமை நாளடைவில் அதற்கு வாய்த்தது.

மகன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே அவருக்குச் சமூகவியல் கற்பித்தவர்களுள் ஒருவர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட். பின்னாளில் பிரதமராகி நிறவெறிச் சட்டங்களின் சிற்பி எனப் பெயர் பெற்றவர். 1939இல் நோடே போதகரானார். 1940இல், இருபத்தைந்தாம் வயதில், ப்ரூடர்போண்டில் சேர்ந்தார். அங்கே இருபதாண்டுகளுக்கு மேல் உறுப்பினராக நீடித்தார்.

இருபதாண்டுகள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் பிறவிப் புரட்சியாளர் அல்லர். 1948இல் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்து, மணவுறவு, குடியிருப்பு, கல்வி என ஒவ்வொன்றாக நிறத்தால் பிரித்துச் சட்டமியற்றியபோது அவர் வாய் திறக்கவில்லை. திருச்சபையோ அந்தச் சட்டங்களுக்கு விவிலியத்தில் ஆதாரம் தேடிக் கொடுத்தது. அச்சபையின் பிரிவினைக்கே நெடிய வரலாறு உண்டு. எல்லா நிறத்தாரும் ஒன்றாக வழிபடுவதே விரும்பத்தக்கது, ஆயினும் சிலருடைய பலவீனத்தின் பொருட்டுத் தனி வழிபாட்டை அனுமதிக்கலாம் என்று 1857இல் அதன் மாமன்றம் தீர்மானித்தது. 1881இல் அந்த அனுமதி தனிச் சபையாகவே உருவெடுத்தது. பலவீனத்துக்கு அளித்த சலுகை, ஒரு நூற்றாண்டுக்குள் கடவுளின் கட்டளையாகிவிட்டது.

*

நோடேயின் மனத்தில் முதல் விரிசல் விழுந்தது பயணத்தில். 1953இல் திருச்சபை இளைஞர் பணிகளை அறிந்துவர ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்றார். சென்ற இடங்களில் தம் நாட்டைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவரிடம் தக்க விடையில்லை. திரும்பி வந்தவர் தாமாகவே விவிலியத்தையும் சபை வரலாற்றையும் ஆராயத் தொடங்கினார். இனஒதுக்கலுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. அச்சமே காரணம் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது விரிசல் நூல்களால் வந்ததன்று. 1950களின் இறுதியில் அவர் தெற்கு டிரான்ஸ்வால் சபையில் உயர்பொறுப்பில் இருந்தார். கறுப்பின, கலப்பின மக்களின் சபைகளில் பணிபுரிந்த இளம் வெள்ளைப் போதகர்கள் சிலர் அவரிடம் வந்து தாம் கண்டவற்றைச் சொன்னார்கள். அனுமதிச் சீட்டு இல்லாததால் தெருவில் கைதாகும் ஆண்கள், சுரங்க விடுதிகளில் மனைவி மக்களைப் பிரிந்து ஆண்டு முழுதும் கிடக்கும் தொழிலாளர்கள், சட்டத்தால் உடைந்த குடும்பங்கள். அவரால் நம்ப முடியவில்லை. என்னை அழைத்துப்போய்க் காட்டுங்கள் என்றார். போனார்; கண்டார்.

தம் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் இருந்த உலகத்தை, தம் சொந்தச் சபையைச் சார்ந்த மக்களின் வாழ்வை, அவர் நாற்பது வயதுக்குமேல்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். அந்த மக்கள் அதுவரை பேசாமலில்லை. ஆல்பர்ட் லுத்துலி, ராபர்ட் சொபுக்வே போன்றவர்கள் உரக்கவே பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் போதகர்கள் வந்து சொன்ன பிறகே நோடேயின் காதில் அது விழுந்தது. இந்தக் குறையையும் மறைக்காமல் எழுதுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது போலீசார் சுட்டனர். அரசுக் கணக்கின்படி மாண்டவர் 69 பேர். பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. இனியும் மௌனம் இயலாது என்று நோடே உணர்ந்தது அப்போதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் உலகத் திருச்சபைகளின் மன்றம் ஜோகனஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. எட்டுச் சபைகளின் பேராளர்கள், கறுப்பரும் வெள்ளையரும், ஒரு வாரம் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு விவாதித்தனர். நிறத்தின் காரணமாக எவரையும் எந்தச் சபையிலிருந்தும் விலக்கலாகாது, கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்தில் இடமில்லை என்று மாநாடு அறிவித்தது. டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பேராளர்களும் இசைந்தனர். நோடே அவர்களுள் ஒருவர். பிரதமர் ஃபெர்வூர்ட் வெகுண்டார். அது தனிமனிதர் சிலரின் கருத்து, சபைகள் இன்னும் பேசவில்லை என்றார். குறிப்பைச் சபைகள் புரிந்துகொண்டன. 1961இல் மாமன்றங்கள் காட்டஸ்லோ முடிவுகளைத் தள்ளின. கையொப்பமிட்ட பலர் பின்வாங்கினர். நோடே பின்வாங்கவில்லை.

1962இல் 'ப்ரோ வெரிடாட்டே' என்ற இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் எல்லாச் சபையினரும் எல்லா நிறத்தவரும் கூடும் 'கிறிஸ்தவ நிறுவனம்' உருவாயிற்று. ப்ரூடர்போண்டிலிருந்தும் விலகினார். நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பா, போதகர் பதவியா என்று சபை அவரைத் தெரிவு செய்யச் சொன்னது. 1963 செப்டம்பர் 22, ஞாயிறு. ஜோகனஸ்பர்க்கின் ஆஸ்ஃபூயல்கோப் ஆலயத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து, மனிதருக்கும் முன்னதாகக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிப் பிரசங்கித்துத் தம் முடிவை அறிவித்தார். பதவி போயிற்று. உடன்பிறந்தோர் போல் பழகியவர்கள் துரோகி என்றனர்.

வழக்கமாக இத்தகைய வாழ்க்கை வரலாறுகள் இந்தக் காட்சியோடு உச்சமடைந்து முடிந்துவிடும். ஆனால் நோடேயின் கல்வி அதற்குப் பின்னரே தொடங்கியது என்பது என் எண்ணம்.

*

1963க்குப் பிந்தைய நோடே நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர். தம்மினத்தாருக்குப் புத்தி சொன்னால் அவர்கள் திருந்துவர் என்று நம்பினார். நிறுவனத்தில் கறுப்பரும் இருந்தனர். எனினும் திட்டமும் பணமும் பேச்சும் பெரும்பாலும் வெள்ளையரிடமே இருந்தன. 1960களின் இறுதியில் ஸ்டீவ் பீக்கோவும் அவருடைய தோழர்களும் இதைத்தான் கேள்விக்குள்ளாக்கினர். வெள்ளையர் மிகுந்த மாணவர் சங்கத்தைவிட்டு வெளியேறித் தனி அமைப்புக் கண்டனர். பகைவரைவிட நண்பராக வரும் வெள்ளைத் தாராளவாதியையே பீக்கோ கடுமையாக விமரிசித்தார். எங்கள் வலியை எங்களுக்குப் பதிலாக நீங்கள் பேசுகிறீர்கள், எங்கள் போராட்டத்தின் வேகத்தையும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள், உங்கள் வேலை உங்கள் மக்களிடையே இருக்கிறது, அங்கே போய்ச் செய்யுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவருக்கு இச்சொற்கள் எப்படி இருந்திருக்கும்? இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்று கசந்து ஒதுங்கிய தாராளவாதிகள் பலர். நோடே செவிமடுத்தார். கறுப்பர் தனித்துத் திரள்வது வெறுப்பின் வடிவமன்று, தன்மானத்தின் வடிவம் என்று புரிந்துகொண்டு அதை வெளிப்படையாக ஆதரித்தார். கிறிஸ்தவ நிறுவனமும் திருச்சபைகளின் பேரவையும் இணைந்து நடத்திய ஆய்வுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 'கறுப்புச் சமூகத் திட்டங்கள்' என்ற தனிப் பிரிவு அமைந்தது. கறுப்பரே தலைமை ஏற்ற அப்பிரிவில் பீக்கோவும் பணியாற்றினார். வெள்ளையருக்கென்று அமைந்த பிரிவின் வேலை, வெள்ளையரின் மனத்தை மாற்றுவது மட்டுமே. அநீதியைக் கண்டு இரங்குவது முதற்பாடம் என்றால், தலைமையை விட்டுக்கொடுப்பது இரண்டாம் பாடம். இரண்டாவதே கடினமானது.

அரசு கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியமளிக்க நோடே மறுத்தார், வழக்குத் தொடரப்பட்டது. 1975இல் நிறுவனம் வெளிநாட்டு நிதி பெறுவது தடுக்கப்பட்டது. 1976இல் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டனர். 1977 செப்டம்பர் 12 அன்று பீக்கோ போலீஸ் காவலில் மாண்டார். அக்டோபர் 19 அன்று கிறிஸ்தவ நிறுவனமும் பல கறுப்பின அமைப்புகளும் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன. நோடே மீது தனிநபர் தடையாணை பிறந்தது. மேடையேறக் கூடாது, எழுதி வெளியிடக் கூடாது, அவர் சொல்லை எவரும் மேற்கோள் காட்டக் கூடாது, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது.

ஏழாண்டுகள் நீடித்த அந்தத் தடையில் ஒரு விந்தை உண்டு. பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு போதகரின் வாயை அரசு அடைத்தது. ஆட்களோ ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக்கு வந்துகொண்டேயிருந்தனர். வந்தவர்கள் பேச அவர் கேட்டார். தலைமறைவாக இயங்கிய போராளிகளுக்காகப் பழைய கார்களைப் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டார்.

தடை நீங்காத 1980இலேயே அவர் மற்றொரு படி இறங்கினார். வெள்ளையர் சபையிலிருந்து முற்றிலும் விலகி, அதே திருச்சபை கறுப்பருக்கென ஒதுக்கிவைத்த சபையில், அலெக்சாண்ட்ரா குடியிருப்பில், உறுப்பினராகச் சேர்ந்தார். தடையாணை 1984இல் நீங்கிற்று. மறு ஆண்டு டெஸ்மண்ட் டூட்டுவுக்குப் பின் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் பேரவையின் பொதுச்செயலாளராகும்படி கறுப்பினத் தலைவர்களே அவரை அழைத்தனர். 1990 மே மாதம் அரசுடன் முதல் பேச்சுவார்த்தைக்குச் சென்ற ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் குழுவில், மண்டேலாவின் பக்கத்தில், ஓர் ஆப்பிரிக்கானர் அமர்ந்திருந்தார். எதிரே இருந்தவர்கள் அவருடைய சொந்த இனத்தார்.

2004 செப்டம்பர் 7 அன்று தம் 89ஆம் வயதில் மறைந்தார். இறுதி வழிபாடு நடந்தது எந்த ஆஸ்ஃபூயல்கோப் ஆலயத்திலிருந்து வெளியேறினாரோ அதே ஆலயத்தில். அஸ்தி தூவப்பட்டது அலெக்சாண்ட்ராவில்.

*

தமிழில் 'கேட்டல்' என்பதற்குச் செவிகொடுத்தல், வினவுதல் என இரு பொருள். குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் 'கல்வி'க்குப் பின்னும் 'அறிவுடைமை'க்கு முன்னும் நிற்கிறது. வகுப்பில் இந்த வரிசையைப் பலமுறை விளக்கியிருக்கிறேன்; நோடேயைப் படித்த பிறகே அதன் பொருள் எனக்கு உறைத்தது. இறையியல் பயின்றவர், ஊர் போற்றும் பிரசங்கியார், கல்விக்கு அவரிடம் குறைவில்லை. கல்வியிலிருந்து அறிவுக்குச் செல்லும் வழியில் கேள்வி என்ற ஒரு படி இருந்தது. அதில் கால்வைக்க அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கால்வைத்த பின்னரும் ஒவ்வொரு முறை நன்றாகக் கேட்டபோதும் ஏதோ ஒன்றை இழக்க நேர்ந்தது. முதலில் நிம்மதி, பிறகு பதவி, பிறகு சுற்றம், இறுதியில் தாமே வழிநடத்த வேண்டும் என்ற எண்ணம்.

தென்னாப்பிரிக்க விடுதலையின் நாயகர் நோடே அல்லர். அந்தப் பெருமை சிறையிலும் தெருவிலும் உயிர் கொடுத்தவர்களுக்குரியது. அவரே இதை முதலில் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அநீதியின் நிழலில் சுகமாக அமர்ந்திருக்கும் நம் போன்றோருக்கு நாயகர்களைவிட அவருடைய கதை நெருக்கமானது. அந்த இளம் போதகர்களோடு குடியிருப்புகளைக் காணப் புறப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ என் வயது. என் கல்லூரிக்கும் என் வீட்டுக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டரில் நான் இதுவரை இறங்கிப் பார்க்காத தெருக்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். விடை உவப்பாக இல்லை.