டிஸ்குவாலிஃபைட் ஆனவர் 'தகுதியில்லாதவரா'?

"பாவம், டிஸ்குவாலிஃபை ஆயிட்டான்!"

பள்ளி விளையாட்டுப் போட்டியில் அடிக்கடி கேட்கும் வசனம். அதையே தமிழில் எழுதச் சொன்னால்? 'தகுதியில்லாதவன்' என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். நடந்ததைச் சொல்லப் போய், ஆளையே குறைத்துப் பேசிவிடுகிறோம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

தகுதியில்லை என்றால், அது முதலிலிருந்தே இல்லை. டிஸ்குவாலிஃபைட் என்றால், பெரும்பாலும் தகுதி இருந்தது. ஒரு விதி அதைப் பறித்துவிட்டது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் ஒரே நாளில் 3 போட்டிகளில் வென்று இறுதிச்சுற்றுக்கு வந்தார். மறுநாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோ வரம்பைவிட 100 கிராம் கூடுதல். பதக்கம் போனது. அவரைத் 'தகுதியில்லாதவர்' என்று சொல்ல முடியுமா? 'தகுதிநீக்கம் செய்யப்பட்டார்' என்பதே சரி.

தகுதிச்சுற்றிலேயே தோற்றவர்? அவர் 'தகுதிபெறவில்லை'. அது வேறு கதை.

சாலையில் என்ன சொல்வது?

குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவரை நீதிமன்றம் டிஸ்குவாலிஃபை செய்தது என்று ஆங்கிலச் செய்தியில் படிப்பீர்கள். தமிழில் 'வாகனம் ஓட்டத் தடை' என்றால் சட்டெனப் புரியும்.

சிங்கப்பூரில் தடைக்காலம் ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் ஓட்டுநர் உரிமம் செல்லாது. தடை முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. மறுபடியும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித் தேறவேண்டும். தடைக்காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் சிறைகூடக் காத்திருக்கிறது.

அரசியலில்?

இங்கு ஒரு சொல் ஒருவரின் பதவியையே தீர்மானிக்கலாம். சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டப்படி, குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, குறைந்தது ஓராண்டுச் சிறையோ 10,000 வெள்ளி அபராதமோ பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியை இழப்பார். பொதுவாக 5 ஆண்டுகளுக்கு.

2025 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சித் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங்குக்கு 2 குற்றச்சாட்டுகளின்பேரில் தலா 7,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மொத்தம் 14,000 வெள்ளி. "அப்போ டிஸ்குவாலிஃபைட் தானே?" என்று பலர் நினைத்தார்கள். இல்லை. ஒரே குற்றத்துக்கு 10,000 வெள்ளியை எட்டினால்தான் அந்த விதி பொருந்தும் என்று தேர்தல் துறை விளக்கியது. தண்டனை உண்டு, தகுதியிழப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் தவறான செய்தி பரவும்.

எந்த இடத்தில் எந்தச் சொல்?

• நடுவரோ அமைப்போ நீக்கினால்: தகுதிநீக்கம்
• சட்டத்தின் விளைவாகப் போனால்: தகுதியிழப்பு
• வாகனம் ஓட்டக்கூடாது என்றால்: ஓட்டத் தடை
• தேவையான அளவை எட்டவில்லை என்றால்: தகுதிபெறவில்லை

அடுத்த முறை இந்தச் சொல்லைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்கான தகுதி? எந்த விதியால் போனது? எவ்வளவு காலத்துக்கு? பதில் தெரிந்தால், சரியான தமிழ்ச்சொல் தானாக வரும். ஒருவர் இழந்தது ஒரு போட்டியையா, உரிமத்தையா, பதவியையா என்பதும் தெளிவாகும்.