கும்பினியாரின் தபால்

சத்திரத்துத் திண்ணையில் வழிப்போக்கர் வாய்வழியே செய்தி பரவிய காலத்தைத் திருத்தணிச் சாலையிலுள்ள கனகம்மாசத்திரத்தின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. வாய்ச்செய்தியைத் தடுப்பார் எவர்? அச்சிதழுக்கோ தபால் வேண்டும். தபாலோ கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது.

1600-இல் வணிகத்திற்கெனப் பிறந்த அக்கம்பெனி, அரசாகவும் அமர்ந்தபின் தன்னைப் பற்றிய பேச்சையும் தன் சரக்காகவே கருதிற்று. 1780-இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய வார இதழை அவ்வாண்டு நவம்பரிலேயே தபாலில் ஏற்க மறுத்தது. சிறை பிறகுதான். வாசகரைப் பிரித்துவிட்டால் போதுமன்றோ! 1795-இல் சென்னையில் இசைவின்றி ‘இந்தியா ஹெரால்டு’ வெளியிட்ட ஹம்ஃப்ரீஸ் கைதாகி, நாடுகடத்தக் கப்பலேற்றப்பட்டார், தப்பியும் விட்டார். 1799-இல் வெல்லெஸ்லி முன்தணிக்கையை விதியாக்கினார். மீறினால் ஐரோப்பாவுக்குக் கப்பல். 1818-இல் அத்தணிக்கை நீங்கியது. இந்தியாவில் பிறந்த இதழாசிரியரை எந்த நாட்டுக்குக் கடத்துவது என்று கம்பெனிக்கு விளங்காததும் அதற்கொரு காரணம்.