கடவுளை நம்பிய டார்வின்வாதி

பரிணாமம், கடவுள் என்று பேச்செடுத்தாலே யாராவது ஆக்ஸ்ஃபோர்டு கதையைச் சொல்லிவிடுவார்கள். 1860 ஜூன் 30. பிஷப் வில்பர்ஃபோர்ஸ் ஹக்ஸ்லியைப் பார்த்து, "குரங்கு உங்களுக்குத் தாத்தா வழியில் சொந்தமா, பாட்டி வழியிலா?"ன்னு கேட்டாராம். ஹக்ஸ்லி சுடச்சுடப் பதில் கொடுத்தாராம். நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். பிறகு தேடிப் பார்த்தால், அன்று அந்த அரங்கில் பேசியதற்குச் சொல்லுக்குச் சொல் பதிவே கிடையாது. இன்று நாம் சொல்லும் வடிவம் பெரும்பாலும் பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்பட்டது.

அதே 1860-ல் இதே கேள்வி மீது இன்னொரு விவாதமும் நடந்தது. சத்தமே இல்லாமல், தபாலில். ஒருபக்கம் இங்கிலாந்தின் டவுன் கிராமத்தில் இருந்த டார்வின். மறுபக்கம் அமெரிக்காவில் ஹார்வர்டு தாவரவியல் பேராசிரியர் ஆசா கிரே. அந்தக் கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், ஆக்ஸ்ஃபோர்டு கதையைவிட இதுதான் முக்கியமான விவாதம்.

முதலில் கிரே யார் என்று பார்த்துவிடுவோம். அந்தக் கால அமெரிக்காவின் முதன்மையான தாவரவியலாளர். கூடவே, தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் பக்தியுள்ள கிறிஸ்தவர். தன் கொள்கையை வெளியிடும் முன் டார்வின் வெகு சிலரிடம்தான் அதை மனம்விட்டுச் சொன்னார். அந்தச் சிலரில் கிரேயும் ஒருவர். 1857 செப்டம்பரில் டார்வின் அவருக்கு எழுதிய கடிதத்தில் இயற்கைத் தேர்வின் சுருக்கம் இருந்தது. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாலஸின் கட்டுரையோடு டார்வினின் குறிப்புகளும் வாசிக்கப்பட்டன இல்லையா? அதில் இந்தக் கடிதத்தின் ஒரு பகுதியும் உண்டு.

கிரே நட்புக்காகத் தலையாட்டியவர் அல்ல. ஜப்பானின் தாவரங்களுக்கும் கிழக்கு அமெரிக்காவின் தாவரங்களுக்கும் இருந்த வியப்பான ஒற்றுமையை அவரே ஆராய்ந்திருந்தார். ஒரே மூதாதையரிலிருந்து பிரிந்து பரவியவை என்றால்தான் அந்த ஒற்றுமைக்கு விளக்கம் கிடைக்கும் என்பது அவர் முடிவு. ஹார்வர்டிலேயே இருந்த லூயி அகாஸி, உயிரினங்கள் அந்தந்த இடத்தில் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று வாதிட்டவர். 1859 தொடக்கத்திலேயே கிரே அவரோடு நேருக்கு நேர் மோதிவிட்டார். டார்வினின் நூல் அப்போது வெளிவரவே இல்லை!

நூல் வந்ததும் கிரே 1860-ல் அதை ஆதரித்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். இயற்கைத் தேர்வு இறைநம்பிக்கைக்கு முரணானது அல்ல என்பது அவருடைய வாதம். டார்வினுக்கு அவை மிகவும் பிடித்துப்போக, 1861-ல் லண்டனில் சிறுநூலாக வெளிவரச் செய்து பலருக்கும் அனுப்பிவைத்தார். ஆனால் கிரேயின் மைய வாதத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. சுவாரசியமே இங்கேதான் தொடங்குகிறது.

கிரேயின் வாதம் இது: இயற்கைத் தேர்வு ஒரு சல்லடை. சலிக்கும், அவ்வளவுதான். ஆனால் சலிப்பதற்கு முதலில் மாறுபாடுகள் வேண்டுமே, அவை எங்கிருந்து வருகின்றன? அப்போது யாருக்கும் தெரியாது. அப்படியானால் அவற்றை நன்மையான திசையில் கடவுள் நடத்தினார் என்று கொள்ளலாமே என்றார் கிரே. தண்ணீர் புவியீர்ப்பால்தான் ஓடுகிறது. ஆனாலும் அது வயல்களுக்குப் பாய்கிற மாதிரி ஒழுங்காக ஓடினால், வாய்க்காலை யாரோ திட்டமிட்டார்கள் என்றுதானே நினைப்போம்?

டார்வினின் பதில் 1868-ல் அச்சில் வந்தது. மலைச்சரிவில் உடைந்து விழுந்த கற்களைப் பொறுக்கி ஒருவர் வீடு கட்டுகிறார். ஒவ்வொரு கல்லின் வடிவத்துக்கும் இயற்கையான காரணம் உண்டு. அதற்காக, இந்தக் கொத்தனாருக்குத் தேவைப்படும் என்றே கற்கள் அப்படி உடைந்தன என்று சொல்ல முடியுமா? மனிதர்கள் விசித்திரமான புறாக்களை வளர்த்தெடுத்தார்களே, அந்த மாறுபாடுகளையும் புறா வளர்ப்பவரின் ஆசைக்காகக் கடவுள்தான் அனுப்பினாரா?

ஆனால் டார்வினை உண்மையில் உறுத்தியது கல்லும் புறாவும் அல்ல, குளவி. 1860 மே 22 அன்று கிரேக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சுகள் புழுவின் உடலுக்குள் இருந்துகொண்டு, அது உயிரோடு இருக்கும்போதே தின்று வளரும். கருணையுள்ள, எல்லாம் வல்ல ஒருவர் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். (நம் வேதாந்தத்திலும் குளவியும் புழுவும் வரும். குளவியையே நினைத்துப் புழு குளவியாகிறது என்று அதில் பக்குவத்தைக் கண்டார்கள். டார்வின் கூட்டுக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்.)

அதே கடிதத்தில், இந்தப் பிரபஞ்சமும் மனித மனமும் வெறும் குருட்டு விசையின் விளைவு என்று நினைக்கவும் முடியவில்லை என்கிறார். விதிகள் வகுக்கப்பட்டவையாக இருக்கலாம், விவரங்கள் தற்செயலுக்கு விடப்பட்டிருக்கலாம் என்று யோசிக்கிறார். அதிலும் திருப்தியில்லை. நியூட்டனின் மனதை ஒரு நாய் ஊகிக்கப் பார்ப்பது போலத்தான் இது என்று விட்டுவிடுகிறார்.

இது அவருக்கு ஏட்டு விவாதம் மட்டும் அல்ல. மனைவி எம்மா ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். திருமணமான புதிதில், கணவனின் சந்தேகங்களைப் பற்றிக் கவலைப்பட்டு அவர் எழுதிய கடிதத்தை டார்வின் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதிலேயே குறித்தும் வைத்தார். 1851-ல் மகள் ஆனி 10 வயதில் இறந்தாள். அதனால்தான் அவர் நம்பிக்கை போயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் துன்பத்தைப் பற்றி எழுதியவர் அதை வீட்டுக்குள் பார்த்தவர்.

சரி, யார் ஜெயித்தது? மாறுபாடு விஷயத்தில் கிரே தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும். 1943-ல் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியாக்களை வைத்துச் சோதித்தார்கள். வைரஸைத் தாங்கும் மரபணு மாற்றம், வைரஸ் வருவதற்கு முன்பே உண்டாகியிருந்தது. அதாவது, தேவையைப் பார்த்து மாற்றம் வருவதில்லை. தெரியாத இடத்தில் கடவுளை உட்காரவைத்தால், தெரியவரும் நாளில் அவரை எழுப்ப வேண்டிவரும்.

அதனால் கடவுளே தோற்றார் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஒவ்வொரு மாற்றத்தையும் கைபிடித்து நடத்தும் கடவுளோடு பரிணாமம் மோதுகிறது. விதிகளை வகுத்த கடவுளை அது தொடுவதே இல்லை. ஆதரிப்பதும் இல்லை. துன்பம் பற்றிய கேள்வியோ டார்வினுக்கு வெகு காலம் முந்தையது, யோபுவே கேட்டுவிட்டார். பரிணாமம் அதைக் கூர்மையாக்கியது, அவ்வளவுதான். ஆக, "மோதுகிறதா?"ன்னு யாராவது கேட்டால், "எந்தக் கடவுளோடு?"ன்னு திருப்பிக் கேட்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1879-ல் டார்வினிடமே ஒருவர் இதைக் கேட்டார். ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும், அதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று பதில் எழுதினார். தன்னை நாத்திகர் என்று சொல்லவில்லை. அறியவொண்ணாவாதி என்பதே பெரும்பாலும் பொருந்தும் என்றார். இரண்டுமாக இருக்க முடியும் என்பதற்கு இருவரைச் சாட்சியாகக் காட்டினார். ஒருவர் பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி. இன்னொருவர், அவர் கடைசிவரை ஒத்துப்போகாத ஆசா கிரே.