நீர்மூழ்கி விளையாட்டுகளில் நிஜமும் வசதியும்

1976-இல் மிட்வே நிறுவனம் வெளியிட்ட 'சீ வுல்ஃப்' காசு போட்டு ஆடும் இயந்திரம். பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கப்பலைச் சுட வேண்டும். கணக்கு எதுவும் கிடையாது. 1985-இல் சிட் மையர் உருவாக்கிய 'சைலண்ட் சர்வீஸ்', எவ்வளவு நிஜம் வேண்டும் என்ற தேர்வை ஆடுபவரிடமே விட்டது. வெடிக்காத டார்ப்பிடோ, வளைந்து வளைந்து ஓடும் கப்பல் அணி ஆகியவற்றைத் தனித்தனியே சேர்க்கலாம், விலக்கலாம். வெடிக்காத டார்ப்பிடோ கற்பனையல்ல. 1943 வரை அமெரிக்க மார்க் 14 டார்ப்பிடோக்கள் பல முறை இலக்கில் மோதியும் வெடிக்கவில்லை.

2005-இல் வந்த 'சைலண்ட் ஹன்டர் 3' நிஜத்தன்மையைச் சதவீதத்தில் காட்டியது. தானியங்கிக் குறிபார்ப்பை நிறுத்தினால் வேலை கூடும்: கப்பலை அடையாளம் கண்டு, அதன் கம்பத்தின் உயரத்தை வைத்துத் தொலைவைக் கணித்து, அது செல்லும் கோணத்தையும் வேகத்தையும் ஆடுபவரே மதிப்பிட வேண்டும். ஒன்று பிசகினாலும் டார்ப்பிடோ வீண். ஆனால் ஒரு வசதியைத் தீவிர ரசிகர்களும் கைவிடுவதில்லை: நேரத்தை ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவுபடுத்தும் வசதி. உண்மைப் போரில் ரோந்து பல வாரம் நீண்டது. பெரும்பாலான நாட்களில் கண்ணில் பட்டது வெறும் கடல்தான். அந்தச் சலிப்பை முழுதாக நடித்துக்காட்டும் விளையாட்டை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.