நிரந்தரம், ஒப்பந்தம், நிலம்: நெய்வேலியில் வளரிளம் பருவ மனச்சோர்வை ஆராய்வது எப்படி?

வளரிளம் பருவ மனச்சோர்வை ஆராய்பவர்கள் குடும்ப வருமானம், பெற்றோர் கல்வி, தனிக்குடும்பமா கூட்டுக்குடும்பமா என்ற வழக்கமான கட்டங்களை நிரப்பியதும் சமூகப் பின்னணியைக் கண்டுவிட்டதாகக் கருதுகிறார்கள். நெய்வேலிக்கு இது போதாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது, அந்தக் குடும்பத்துக்கும் பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கும் என்ன உறவு என்பதுதான்.

1956இல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு வட்டம் வட்டமாக எழுந்த நகரியம் இது. வீடு, தண்ணீர், மருத்துவமனை எல்லாம் வேலையோடு சேர்ந்து வந்தன. நிரந்தரத் தொழிலாளியின் பிள்ளை குவார்ட்டர்ஸில் வளர்கிறது. அதே சுரங்கத்தில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளி பணிநிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார். 2012இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. மூன்றாவது வகை, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பதின்ம வயதுப் பிள்ளைகளும்தான் பார்த்தார்கள்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. இந்தச் சராசரிக்குள் மேற்சொன்ன மூன்று வீடுகளும் ஒன்றாகிவிடுகின்றன.

வருமானத்தை மட்டும் அளந்தால் என்ன தவறும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா நல்ல சான்று. 1990களின் பிற்பகுதியில் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, அதன் வருவாயில் ஒரு பங்கு பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுகள் குறைந்தன. மனச்சோர்வும் பதற்றமும் குறையவில்லை என்று ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 2003இல் எழுதினர். பணம் வந்ததும் மனம் தேறிவிடும் என்ற எளிய கணக்கு இங்கே உடைகிறது. நாளைக்கு இந்த வீடு நம்முடையதா, அப்பாவுக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்ற நிச்சயமின்மையை அந்தக் கணக்கு தொடுவதே இல்லை.

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் உறங்குகையில் வீடே ஓசையடக்கி நடக்கும். பிள்ளை சொல்ல நினைத்தது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக, சிடுசிடுப்பாக வருவது உண்டு. அதை வீட்டில் ‘திமிர்’ என்பார்கள். செல்போன்மேல் பழி போடுவது அதைவிடச் சுலபம். செல்போனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை.

வீட்டுச் சூழல்தான் காரணம் என்பதற்கு மறுப்பாக, சோர்ந்த பிள்ளையால்தான் வீட்டில் சண்டை மூள்கிறது, சண்டையால் சோர்வு வரவில்லை என்றும் வாதிடலாம். ஒரே நாளில் எடுக்கும் கணக்கெடுப்பு இதைத் தீர்க்காது. நெய்வேலி இதற்கு ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. நிரந்தரத் தொழிலாளி 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தேதி முன்கூட்டியே தெரியும். பிள்ளையின் மனநிலை அந்தத் தேதியை மாற்றாது. பிளஸ் டூ படிக்கும்போதே தந்தை ஓய்வு பெறும் பிள்ளைகளை அதற்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கவனித்தால் எது காரணம், எது விளைவு என்பது பெருமளவு தெளிவாகும்.

எனவே இத்துறையில் ஆய்வேட்டுக்கு வினாநிரல் தயாரிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தந்தையின் வேலை நிரந்தரமா ஒப்பந்தமா, எந்த ஷிப்ட், வீடு யாருடையது, நிலம் போனதா என்ற நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு நெய்வேலிப் பள்ளிகளுக்குப் போங்கள்.