புருவத்தைத் தூக்கும் கத்தியும் பத்து நாள் லீவும்

இந்த எபிசோடு என்னோட சொந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்குது. பொறுத்துக்கோங்க, சீக்கிரமே பாரிஸுக்குப் போயிடுவோம்.

"ஏன் கோவமா இருக்க?" இந்தக் கேள்வியைக் காலேஜ் படிக்கும்போதிலிருந்து கேட்டுட்டிருக்கேன். எனக்குக் கோவமே இருக்காது. என் புருவம் தாழ்வா, கனமா, கண்மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும். எங்கம்மாவுக்கும் இதே புருவம்தான். இத்தனை வருஷம் சிரிச்சுட்டு விட்டுட்டேன். போன அப்ரைசல்ல மேனேஜர் சொன்னார்: "கிளையன்ட் கால்ல உன் முகம் ரொம்ப டயர்டா, எரிச்சலா தெரியுது. அதைக் கொஞ்சம் பார்த்துக்கோ." முகத்தை எப்படிங்க பார்த்துக்கறது? அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நான் தேடினது ஒரே விஷயம்: பிரவ் லிஃப்ட். (ப்ரோ லிஃப்ட்னு தேடிடாதீங்க, ஜிம் வீடியோவா வரும்.)

தேடிக்கிட்டே போனப்போ ஒரு பொம்பளை டாக்டர் கிடைச்சாங்க. என் மேனேஜர் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

சுசான் நோயல். 1878-ல் பிரான்ஸில் பிறந்தவர். கல்யாணத்துக்கு அப்புறம்தான் மருத்துவம் படிக்கவே ஆரம்பித்தார். பாரிஸில் இப்போலித் மொரெஸ்தேன் என்ற பெரிய சர்ஜனிடம் தொழில் கற்றார். முதல் உலகப் போரில் குண்டு பட்டு முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு முகத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்தவர்களில் மொரெஸ்தேன் ஒருவர். இன்று நாம் அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷன்களின் கைப்பழக்கத்தில் பாதி அந்தப் போர்க்கால வார்டுகளில் வந்ததுதான்.

ஆனால் நோயலுக்கு ஆர்வம் போருக்கு முன்பே தொற்றிவிட்டது. 1912-ல் ஒரு புகழ்பெற்ற நடிகை அமெரிக்காவில் முகத்தைச் 'சரிசெய்துகொண்டு' பாரிஸ் திரும்பினார். அவர் சாரா பெர்னார் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு 60 வயதுக்கு மேல். தலைமுடிக்கு ஓரமாக ஒரு துண்டுத் தோலை வெட்டி எடுத்து இழுத்துத் தைத்திருந்தார்கள். இதை நாமும் செய்யலாமே என்று நோயலுக்குத் தோன்றியது.

அவர் செய்த ஆபரேஷன் ரொம்பச் சின்னது. முடிக்கோட்டில், கண் வடிவத்தில் சின்னச் சின்னதாகத் தோலை வெட்டி எடுப்பார். இழுத்துத் தைப்பார். நெற்றியும் புருவமும் கொஞ்சம் மேலே ஏறும். ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கவைப்பார். முடிந்ததும் முடியை முன்னால் சீவிவிட்டுத் தையலை மறைத்துக்கொண்டு பேஷன்ட் அன்றே வீட்டுக்குப் போகலாம். பெரும்பாலும் தன் வீட்டிலேயே வைத்துத்தான் செய்தார். 1919-ல் ரேமோன் பஸ்ஸோ என்ற இன்னொரு பாரிஸ் டாக்டரும் கிட்டத்தட்ட இதே மாதிரி முறையை எழுதி வெளியிட்டிருந்தார்.

வந்தவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கு. பணக்காரப் பெண்கள் வந்தார்கள், சரி. அவர்களோடு வேலை பார்க்கும் பெண்களும் வந்தார்கள். வயசு தெரிய ஆரம்பித்ததும் வேலையை விட்டுத் தூக்கப்பட்டவர்கள், தூக்கிவிடுவார்களோ என்று பயந்தவர்கள். அவர்களில் வசதியில்லாதவர்களுக்கு நோயல் காசு வாங்காமலே செய்திருக்கிறார். 1926-ல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே அழகு அறுவை சிகிச்சையின் 'சமூகப் பங்கு' என்று இருக்கும். அலங்காரம் என்று அவர் வாதாடவில்லை. இவளுக்குச் சோறு இந்த முகத்தில்தான் இருக்கிறது என்று வாதாடினார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று தெருவில் இறங்கிய ஆளும் அவர்தான். பிரான்ஸில் அந்த உரிமை 1944-ல்தான் கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு, சொல்லிடறேன். முதலாளி தப்புப் பண்ணா, கத்தி ஏன் அவளோட நெத்தியில விழணும்? நோயலுக்கு இந்தக் கேள்வி தெரியாம இருந்திருக்காது. ஆனா வேலை போன பொம்பளை வாசல்ல நிக்கும்போது அவங்க கையில இருந்தது கத்திதான்.

சரி, அந்தச் சின்ன ஆபரேஷன்ல குறை என்ன? நிலைக்காது. புருவத்தைக் கீழே இழுப்பது தோல் அல்ல. ரெண்டு புருவத்துக்கும் நடுவில், மூக்கின் வேரில், கண்ணைச் சுற்றி இருக்கும் தசைகள். நெற்றித் தசை ஒன்றுதான் மேலே தூக்குகிறது. தோலை மட்டும் வெட்டினால், தோல் நீளும், கீழ்த்தசைகள் தங்கள் வேலையைத் தொடரும். கொஞ்ச நாளில் பழைய இடம்தான்.

அதே 1926-ல் நியூயார்க்கில் ஹன்ட் என்ற சர்ஜன் தன் புத்தகத்தில் வேறு வழி சொன்னார்: ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும், ஹேர்பேண்ட் போடும் இடத்தில், உச்சந்தலைக்குக் குறுக்கே வெட்டுவது. இது பிற்பாடு, 1960, 70-களில், தசையையும் சேர்த்துச் சரிசெய்யும் முறையாக வளர்ந்து, 1990 வரைக்கும் இதுதான் ராஜா. பலன் நின்றது. விலை வேறு மாதிரி. கண்ணுக்கு மேலே எலும்பிலிருந்து வெளிவரும் நரம்புகள் நெற்றி வழியாக உச்சந்தலைக்கு ஏறுகின்றன. குறுக்கே வெட்டினால் அவையும் அறுபடும். வெட்டுக்குப் பின்னால் தலை மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாக. முடிக்கோடும் பின்னால் ஏறும். ஏற்கெனவே ஏறுநெற்றி உள்ளவர்கள் பாவம்.

1990-களின் தொடக்கத்தில் பித்தப்பை ஆபரேஷனுக்குப் பயன்பட்ட யோசனை நெற்றிக்கு வந்தது. கேமரா வைத்த மெல்லிய குழாய், எண்டோஸ்கோப். அமெரிக்காவில் நிக்கனோர் இஸ்ஸே, லூயிஸ் வாஸ்கோனெஸ் போன்றவர்கள் இதைக் காட்டினார்கள். முடிக்குள்ளே மூன்று முதல் ஐந்து சின்ன வெட்டு, அவ்வளவுதான். உள்ளே போய் நெற்றித் திசுவை எலும்பிலிருந்தே பிரித்து, மேலே தூக்கி, சின்ன ஸ்க்ரூ அல்லது தையலால் நிறுத்துவார்கள்.

இதுக்கு நடுவுல கனடாவின் வான்கூவரில் இன்னொரு கதை. ஜீன் கேருதர்ஸ் கண் டாக்டர், கணவர் அலஸ்டர் தோல் டாக்டர். கண் இமைத்துடிப்புக்கு ஜீன் போட்ட போட்டுலினம் ஊசி நெற்றிச் சுருக்கத்தையும் மறைக்கிறது என்று 1987-ல் கவனித்தார்கள். 1992-ல் கட்டுரை, 2002-ல் அமெரிக்க அரசின் அனுமதி. இன்னைக்கு போடாக்ஸ்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். லீவே வேண்டாம், ஆனா மூணு நாலு மாசத்துல திரும்பப் போடணும்.

இப்போ என் கதைக்கு வரேன். ஒரு சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடச் சொன்னார், நெத்தியைத் தளர்த்தச் சொன்னார், மெதுவா திறக்கச் சொன்னார். "நீங்க நாள் பூரா நெத்தியாலயே புருவத்தைத் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கீங்கம்மா. சாயங்காலம் தலைவலி வருமே?" வரும். அதுவரைக்கும் ஸ்க்ரீன் டைம்னு நினைச்சிட்டிருந்தேன். தொங்குறது புருவமா, மேல் இமையான்னும் பார்த்தார். இமைன்னா அது வேற ஆபரேஷனாம்.

நான் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாள்ல ஆபீஸ் போகலாம்?" நோயல்கிட்ட வந்த பொம்பளைங்களும் இதைத்தான் கேட்டிருப்பாங்க. "பத்துலேர்ந்து பதினாலு நாள்"னார். அப்புறம் உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சார்.

முதல் ரெண்டு நாள் தலையில் கட்டு, இறுக்கமான தலைவலி. ரெண்டு மூணு தலையணை வெச்சு, தலையை உயர்த்தித்தான் தூங்கணும். ரெண்டாம் மூணாம் நாள்தான் மோசம். வீக்கம் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கும், இமை திறக்கவே கஷ்டமாகலாம். ஊதா, பச்சை, மஞ்சள்னு கலர் மாறிக்கிட்டே கன்னம் வரைக்கும் வரும். தையலோ ஸ்டேபிளோ ஒரு வாரம் பத்து நாள்ல எடுப்பாங்க. குனியறது, வெயிட் தூக்கறது, ஜிம் எல்லாம் மூணு நாலு வாரம் கிடையாது. உள்ளே பிரிச்ச திசு எலும்புல திரும்ப ஒட்டணும், அதுக்கு நேரம் வேணும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லணும். சிகரெட் பல வாரம் முன்னாடியே நிறுத்தணும்.

அதுக்கப்புறம் யாரும் சொல்லாத பகுதி. உச்சந்தலை மரத்திருக்கும், சீப்பு படுறது தெரியாது. அந்தச் சமயத்துல ஹேர் டிரையர் சூடு கூடத் தெரியாம சுட்டுக்கிட்டவங்க உண்டாம். உணர்வு திரும்பும்போது அரிப்பு வரும். சொறிஞ்சா தோலுக்கு மேல சொறியற மாதிரி இருக்கும், அரிப்பு அடியில இருக்கும். இது மாசக்கணக்கில் போகலாம். வெட்டின இடத்துல முடி கொஞ்சம் கொட்டி, பிறகு வளரும். முதல் சில வாரம் புருவம் தேவைக்கு மேல ஏறி, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட முகமாவே இருக்கும். அப்ப கிளையன்ட் கால்ல என்ன சொல்வாங்கன்னு யோசிச்சேன். அபூர்வமா நெற்றித் தசைக்குப் போற நரம்பு அடிபட்டு ஒரு பக்கப் புருவம் தூக்க வராமப் போகலாம், அது பெரும்பாலும் சரியாகிடும். பெரும்பாலும்.

கவனிச்சீங்களா? வெட்டு சின்னதாச்சு. குணமாகற நாள் குறையல, முடிக்குள்ள போயிடுச்சு. பதினாலாம் நாள் ஆபீஸ் போறவளுக்கு ஒண்ணும் ஆகலன்னு பார்க்கிறவங்க நினைப்பாங்க. அவளுக்கு மட்டும் தலை பாதி இருக்காது.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். கண்ணாடி முன்னாடி போய் நின்னு, ரெண்டு விரலால தன் புருவத்தைத் தூக்கிப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. "எனக்கும் சாயங்காலம் தலைவலி வரும்டீ"ன்னாங்க.

அடுத்த மாசம் ரெண்டாவது அப்பாயின்ட்மென்ட் இருக்கு. கேன்சல் பண்ணல. அம்மாவும் கூட வராங்க, அவங்க தலைவலியைக் காட்ட. மேனேஜர் சொன்னதுக்காகப் போறேனா, தலைவலிக்காகப் போறேனான்னு இன்னும் எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. லீவ் பேலன்ஸ் பார்த்தேன், பதினோரு நாள் இருக்கு.