இடம்பெயரும் தேன்பெட்டிகள்

மீன்பாடும் தேன்நாடு என்று நமது மட்டக்களப்பைப் புகழாத மேடை இல்லை. மீன் பாடுவது மெய்தானா என்று அறிய நிலாக்காலத்தில் வாவியில் தோணி விட்டுக் காது கொடுத்துக் கேட்டவர் பலர். அடைமொழியின் மற்றப் பாதியாகிய தேனை ஆராய்ந்தவரோ மிகச் சிலர். களுவாஞ்சிக்குடியில் படுவான்கரைத் தேனைப் போத்தலில் வாங்கித் தயிரில் இட்டு உண்ணும் நாம், அதைத் திரட்டிய தேனீ எங்கிருந்து வந்தது, எங்கே போகின்றது என்று வினவுவதில்லை.

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த இறொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இலங்கைத் தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்துக் கூறினார். அவற்றுள் இரண்டு நமது பொருளுக்கு வேண்டியவை. ஒன்று, மரப்பொந்தில் அடைகட்டும் சிறு தேனீ. பெட்டியில் வைத்து வளர்க்கத்தக்கது இதுவே. மற்றையது, உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றைப் பேரடை கட்டித் தொங்கும் பெருந்தேனீ. எவராலும் பெட்டிக்குள் அடக்கப்படாதது அது.

இப்பெருந்தேனீ ஆண்டுதோறும் ஊர் மாறுகின்றது. உலர்வலயக் காடுகளில் பூ ஓய்ந்ததும் கூட்டம் கூட்டமாக மலைநாட்டை நோக்கிப் பறக்கும்; வழியில் மரங்களில் சில நாள் தங்கும்; மலையில் பூ முடிந்ததும் மீளும். இங்கு நாம் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. புறப்படுமுன் அது குஞ்சு வளர்ப்பதை நிறுத்திவிடுகின்றது; சேமித்த தேனை உண்டு தீர்க்கின்றது; வெறும் அடையை விட்டுச் செல்கின்றது. அடையில் இருந்த உண்ணியும் அந்துப்புழுவும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அடையோடே கிடந்து மடிகின்றன. பயணமே அதற்கு மருந்தாகின்றது எனலாம்.

மனிதன் தேனீயை இடம்பெயர்க்கும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறு. அடை, குஞ்சு, பிணி அனைத்தையும் சேர்த்தே அவன் தூக்கிச் செல்கின்றான்.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இத்தாலியில் போ நதிக்கரை ஊர் மக்கள் தேன்கூடுகளைப் படகிலேற்றி, இரவிலே ஐந்து மைல் ஆற்றின் மேல்நோக்கி நகர்த்துவர் என்றும், பாரத்தால் படகு தாழ்வதைக் கண்டு தேன் நிறைந்ததை அறிவர் என்றும் முதலாம் நூற்றாண்டினரான பிளினி எழுதிவைத்தார். குருமண்வெளியில் பாதையேறி மண்டூருக்கு வாவி கடப்போருக்கு இக்காட்சியைக் கற்பனை செய்தல் அரிதன்று. ஆனால் அது ஆற்றோர மக்கள் தம் ஊர்ப் பூவை நாடிய பயணம். சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டியை அமெரிக்கரான லாங்ஸ்ட்ரொத் 1850களில் பரப்பிய பின்னர், புகையிரதமும் லொறியும் வந்த பின்னர், பயணத்தின் அளவே மாறிவிட்டது. இன்று கலிபோர்னியாவின் வாதுமைத் தோட்டங்களுக்கு மாசி மாதத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் கண்டத்தைக் கடந்து வந்து சேர்கின்றன. அங்கே தேனீ மகரந்தம் சேர்க்கும் கூலியாகிவிட்டது.

நமக்கு அண்மையான சான்று குமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 1920களில் அங்கே கிறித்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்புப் பணி, ஏழைக் குடியானவருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் நம் சிறு தேனீக்கு ஏற்ற அளவில் அமைத்த பெட்டி அதற்குக் கைகொடுத்தது. தென்னந்தோப்பின் நிழலில் சில பெட்டிகள். வீட்டுச் செலவுக்குச் சிறிது பணம். அவ்வளவில் தொடங்கிய தொழில், இறப்பர்த் தோட்டங்கள் பெருகியதும் தோப்பைவிட்டு வெளியேறிற்று.

இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் மாசி, பங்குனியில் அதன் இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவிலன்று. ஆதலால் தேன் மிகுதி, அதனோடு மகரந்தம் இல்லை. தேனீக்குத் தேன் சோறென்றால் மகரந்தம் பருப்பு. குஞ்சுகளை ஊட்டும் செவிலித் தேனீயின் தலையிலுள்ள உணவுச் சுரப்பி மகரந்தத்தாலேயே வளர்கின்றது. நெடுந்தூரம் லொறியில் சென்ற தேனீக்களுக்கு இச்சுரப்பி முழுமையாக வளர்வதில்லை என்று 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. பயணத்தின் இன்னலையும் இத்துடன் சேர்த்து எண்ணுக. குஞ்சு அறைகளை ஏறத்தாழ 35 பாகை வெப்பத்திலே காப்பது தேனீயின் இயல்பு. வாயிலடைத்த பெட்டிக்குள் அதிர்வும் புழுக்கமும் சேரும்போது அந்த வெப்பநிலை குலைகின்றது; மெழுகு இளகி அடை சரிவதும் உண்டு. நமது சிறு தேனீயோ பொறுமை குறைந்தது. தொல்லை மிகுந்தால் கூட்டைத் துறந்து ஓடிவிடும்.

1991–92இல் பேரழிவு வந்தது. 1970களில் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட பைப்புழு நோய் தென்னிந்தியாவிற் புகுந்தது. இவ்வைரசு தொற்றிய புழு கூட்டுப்புழுவாக மாறாது, நீர் நிறைந்த பைபோலாகி அறையிலேயே மடியும். அதனை அகற்றும் செவிலியே அடுத்த புழுவுக்கு நோயை ஊட்டுகின்றாள். தென்னிந்தியாவில் இருந்த சிறு தேனீக் கூட்டங்களில் 90 வீதத்துக்கு மேல் அழிந்தன. பெட்டிகளின் பயணமே முழுக்காரணம் என்பது மிகை. ஓடிப்போகும் கூட்டமும், அயற்கூட்டில் தேன் திருடும் தேனீயும் நோயைக் காவும். எனினும் பல ஊர்ப் பெட்டிகளை ஒரே தோட்டத்தில் நெருக்கி வைத்து, பருவம் முடிந்ததும் பல ஊர்களுக்குத் திருப்பியனுப்பும் ஒழுங்கைவிட நோய்க்கு வாய்ப்பான வழி வேறென்ன?

உலகளவிலும் கதை இதுவே. வரோவா என்னும் உண்ணி 1904இல் யாவாவில், ஆசியச் சிறு தேனீயின் கூட்டிற் கண்டு விவரிக்கப்பட்டது. அத்தேனீ உண்ணியைப் பொறுத்து வாழப் பழகியிருந்தது. குடியேறிய இரசியர் தமது ஐரோப்பியத் தேனீயைத் தூரகிழக்குக்குக் கொண்டு சென்றபோது உண்ணி அதன்மேல் தாவிற்று. அதே வழியிற் பெட்டிகள் மேற்கே திரும்பின. 1987இல் ஐக்கிய அமெரிக்காவிலும், 1992இல் பிரித்தானியாவிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

மார்த்தாண்டத்தில் இழப்பு யாருடையது என்பதையும் நாம் கேட்கவேண்டும். தோட்டம் ஒருவருடையது; பெட்டி இன்னொருவருடையது. தேனீ மடிந்த ஆண்டிலும் இறப்பர்ப் பால் குறையவில்லை. வெறும் பெட்டிகளோடு வீடு திரும்பியவர், கடன்பட்டுப் பெட்டி வாங்கிய சிறு குடியானவர். தூரத் தோட்டங்களை நாடி அவர் அலைந்தது ஆசையால் அன்று. ஊர்த்தோப்பிலும் வயலோரத்திலும் இருந்த பலவகைப் பூமரங்கள் வெட்டப்பட்டு, ஒரே பயிர் பரந்த நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மாதமே தேன் கிடைக்குமாயின், பெட்டியைத் தூக்காமல் அவர் என் செய்வார்?

தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கி அத்தொழில் மீண்டும் தலையெடுத்தது. இன்றும் பருவம் வந்ததும் குமரி மாவட்டத்துப் பெட்டிகள் இரவோடிரவாக லொறியேறுகின்றன. படுவான்கரைக் காட்டில் பூ ஓய்ந்ததும் பெருந்தேனீயும் தன் அடையைக் கிளையிலேயே விட்டுப் புறப்படுகின்றது.